நாணயம் அடிக்காத அக்கசாலை

வட ஜெர்மனியில், ஐடர் ஆறும் டிரேன ஆறும் சேரும் இடத்தில் ஃபிரீட்ரிஷ்டாட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரின் நடுவே ஓடும் கால்வாயின் கரையில் ஒரு செங்கல் வீடு. முகப்பு மேலே போகப்போகக் குறுகி, கூரை உச்சியில் கூம்புகிறது. கட்டிய ஆண்டு 1626. ‘பழைய அக்கசாலை’ என்று அதற்குப் பெயர். காசு அடிப்பதற்கென்று எழுந்த கட்டடம் அது. ஆனால் அங்கே ஒரு காசுகூட அடிக்கப்பட்டதில்லை.

நான் அந்த வாசலில் முதல்முறை நின்றபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. அடிக்காத காசுக்கு எதற்கு அக்கசாலை என்ற கேள்வி அங்கேதான் என்னைப் பிடித்தது. இன்றும் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் மட்டுமே வாழும் ஓர் ஊருக்கு அக்கசாலை வேண்டும் என்று 1626இல் ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். கட்டவும் கட்டியிருக்கிறார். அப்படியானால் அவர் மனத்தில் இருந்தது இந்தச் சிற்றூராக இருக்க முடியாது. வேறொரு பெரிய நகரம் இருந்திருக்க வேண்டும். அந்த நகரத்தைத் தேடிப் போன கதைதான் இது.

படகில் கேட்ட கதை

ஊரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் செய்வதுபோல நானும் முதலில் படகில் ஏறினேன். தட்டையான படகு, தாழ்ந்த பாலங்கள். பாலம் நெருங்கும்போது எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமைச் சுருட்டிச் சிறிதாக்கி இங்கே விரித்ததுபோல இருக்கிறது. அளவெடுத்து வெட்டிய கால்வாய்கள், அவற்றின் இரு கரையிலும் மரவரிசை, நேர்க்கோட்டில் தெருக்கள். சந்தைத் திடலின் மேற்குப் பக்கத்தில் படிக்கட்டு வடிவ முகப்புகளோடு டச்சு வீடுகள் தோளோடு தோள் நிற்கின்றன. பல வீடுகளின் வாசலுக்கு மேல் கல்லில் செதுக்கிய சின்னம் ஒன்று பதிந்திருக்கிறது. வீட்டுக்கு எண் போடும் வழக்கம் வருவதற்கு முன், அந்தச் சின்னம்தான் முகவரி.

பக்கத்தில் இருந்த பயணி தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்: இங்கே ஆண்ட கோமகன் பாரசீகத்திலிருந்து பட்டு கொண்டுவந்து விற்க ஆசைப்பட்டார், அதற்காகவே இந்த ஊரைக் கட்டினார், தூதர்களை ஈரான் வரை அனுப்பினார். கேட்க இனிமையான கதை. பட்டு, தூதுக்குழு, தொலைதூரத்து ஷா எல்லாமே அதில் இருந்தன. எனக்குச் சிறு நெருடல் இருந்தது. பட்டுக்காகக் கட்டிய ஊர் என்றால், ஊரைக் கட்ட ஏன் டச்சுக்காரர்கள் வந்தார்கள்? பட்டு வரும் வழி கிழக்கே இருக்கிறது. ஊரோ மேற்குக் கடலைப் பார்த்து நிற்கிறது.

ஐடர் ஆறு இங்கிருந்து மேற்கே போய் வடகடலில் விழுகிறது. கடல் வழியாக நெதர்லாந்து, ஸ்பெயின், போர்த்துகல் என்று போகலாம். வோல்கா, மாஸ்கோ, காஸ்பியன் ஆகியவற்றுக்கு இது நேர்எதிர்த் திசை. ஊர் எந்தத் திசையை நோக்கி நிற்கிறதோ அந்தத் திசையில்தான் அதைக் கட்டியவரின் கனவும் இருந்திருக்கும். இதுதான் என் முதல் துப்பு.

தரங்கம்பாடி வழியாக வந்த பெயர்

இந்த ஊரைத் தேடி நான் நேராக வரவில்லை. டேனிஷ் தரங்கம்பாடி பற்றிய பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியான் 1616இல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்க அனுமதி தந்தார். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, தரங்கம்பாடி டேனியர் கைக்கு வந்தது. அதே மன்னர் 1617இல் எல்பே ஆற்றங்கரையில் குளுக்‌ஷ்டாட் என்ற துறைமுக நகரையும் நிறுவியிருந்தார். ஹாம்பர்க் வணிகத்தைத் தன் பக்கம் திருப்புவது அவர் நோக்கம்.

கிறிஸ்டியானின் சகோதரி அவுகுஸ்தா, ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் நாட்டின் ஒரு பகுதியை ஆண்ட கோட்டோர்ஃப் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய மகன்தான் மூன்றாம் ஃபிரீட்ரிஷ். 1616இல், பதினெட்டு வயதில், கோமகனாகப் பட்டத்துக்கு வந்தார். தாய்மாமன் 1617இல் ஒரு துறைமுகம் கட்டுகிறார். 1620இல் சோழமண்டலக் கரையில் கால் வைக்கிறார். மறு ஆண்டே மருமகன் தன் பெயரில் ஒரு துறைமுக நகரத்துக்கு அடிக்கல் போட வைக்கிறார். தரங்கம்பாடியும் ஃபிரீட்ரிஷ்டாட்டும் ஓராண்டு இடைவெளியில், ஒரே குடும்பத்தின் இரண்டு வணிகக் கனவுகளாகப் பிறந்தவை. இந்தத் தொடர்பைப் பார்த்த பிறகுதான் நான் ஷ்லெஸ்விக்குக்கு ரயில் ஏறினேன்.

இரண்டு நாட்காட்டி

ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில ஆவணக் காப்பகம் ஷ்லெஸ்விக் நகரில் ‘இளவரசர் மாளிகை’ என்ற பழைய கட்டடத்தில் இயங்குகிறது. கோட்டோர்ஃப் கோமகன்களின் காகிதங்கள் அங்கே 7ஆம் பிரிவு. 1544 முதல் 1713 வரை, ஆட்சி, நிலம், வரி, கடிதம் எல்லாம் அதில் அடக்கம். வாசிப்பு அறையில் பேனாவுக்கு இடமில்லை, பென்சில் மட்டும்.

அந்த எழுத்தைப் படிப்பது தனி வித்தை. பழைய ஜெர்மன் கூட்டெழுத்தில் எகரமும் னகர எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். உகரத்தையும் னகரத்தையும் பிரித்துக் காட்ட உகரத்தின் தலைமேல் சின்னக் கொக்கி ஒன்று போடுவார்கள். எழுதியவர் அவசரத்தில் கொக்கியை விட்டுவிட்டால் சொல்லே மாறிவிடும். நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி இல்லாமல், காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே உருவம் வைத்து எழுதியதைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. சொல்லை எழுத்தால் படிக்க முடியாதபோது பொருளால் படிக்க வேண்டும்.

எழுத்தைவிடப் பெரிய பொறி தேதியில் இருந்தது. ஹாலந்து 1583 முதல் புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் லூத்தரன் நாடு. போப்பாண்டவர் தந்த நாட்காட்டி வேண்டாம் என்று 1700 வரை பழைய ஜூலியன் கணக்கிலேயே இருந்தது. இரண்டுக்கும் நடுவே அன்று பத்து நாள் வித்தியாசம். ஆம்ஸ்டர்டாமில் 13ஆம் தேதி என்றால் இங்கே 3ஆம் தேதி. அந்தக் காலத்துக் கடிதங்கள் சிலவற்றில் இரண்டு தேதிகளையும் பின்னம் போல எழுதுவார்கள்: மேலே பழையது, கீழே புதியது, நடுவில் ஒரு கோடு. அப்படி எழுதாத கடிதங்களில், எழுதியவர் எந்த ஊரில் உட்கார்ந்து, எந்த வழக்கத்தில் எழுதினார் என்று பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். கவனிக்காவிட்டால் கேள்விக்கு முன்பே பதில் வந்து சேர்ந்ததாகத் தோன்றும்.

ஆகவே நான் செய்த முதல் வேலை, எல்லாத் தேதிகளையும் சிறு அட்டைகளில் எழுதி மேசைமேல் வரிசையாக அடுக்கியது. துப்புத் துலக்குவது என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான்: எது முதலில் நடந்தது என்று பொறுமையாகப் பார்ப்பது.

பட்டு விழுந்தது

வரிசை அமைந்ததும் பட்டுக்கதை உடனே தளர்ந்துபோனது. ஃபிரீட்ரிஷ்டாட்டில் முதல் வீட்டுக்கு அடிக்கல் விழுந்தது 1621 செப்டம்பர் 24. கோமகனின் தூதுக்குழு முதலில் மாஸ்கோவுக்குப் புறப்பட்டது 1633இல். பாரசீகத்துக்கான பெரும் பயணம் தொடங்கியது 1635இல். ஊருக்கும் பட்டுத் திட்டத்துக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுகள் கிடக்கின்றன.

அந்தப் பயணம் நடந்தது உண்மை. அதன் செயலராக இருந்த ஆடம் ஒலியாரியுஸ் 1647இல் அதைப் பெரும் நூலாகவே வெளியிட்டார். தலைமை ஏற்றவர்கள் இருவர்: சட்டம் படித்த ஃபிலிப் குருசியுஸ், ஹாம்பர்க் வணிகர் ஓட்டோ புரூக்மன். பாரசீகப் பட்டை காஸ்பியன் கடல், வோல்கா ஆறு, ரஷ்யா வழியாகக் கொண்டுவருவது திட்டம். வழிவிடுவதற்கு ரஷ்ய ஜார் ஆண்டுக்கு 600,000 தாலர் கேட்டார், கோமகன் தரப்பு ஒத்துக்கொண்டது. ஏறிய கப்பல் பால்டிக் கடலில் உடைந்தது. வோல்காவில் புதிதாகக் கப்பல் கட்டிக்கொண்டு போனார்கள். 1637இல் இஸ்ஃபஹான் சேர்ந்தார்கள். 1639இல் வெறுங்கையோடு திரும்பினார்கள். பயணத்தில் நடந்த முறைகேடுகளுக்காக 1640இல் புரூக்மனின் தலை துண்டிக்கப்பட்டது.

அந்தக் குழுவிலிருந்த இளைஞர் ஒருவர் இஸ்ஃபஹானில் பிரிந்து நம் பக்கம் வந்தார். அவர் பெயர் யோஹான் ஆல்பிரெக்ட் ஃபான் மண்டெல்ஸ்லோ. 1638இல் சூரத்தில் இறங்கி, அகமதாபாத் பார்த்து, கோவா வழியாகக் கடலேறி ஐரோப்பா திரும்பினார். 1644இல் பாரிஸில் அம்மை கண்டு இறந்தார். அவருடைய இந்தியக் குறிப்புகளையும் பின்னால் ஒலியாரியுஸ்தான் பதிப்பித்தார். ஜெர்மன் வாசகர்கள் பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி அறிந்ததில் இந்தத் தோல்வியுற்ற பயணத்துக்குப் பங்கு உண்டு.

ஆனால் என் அக்கசாலை 1626ஐச் சேர்ந்தது. பட்டுத் திட்டத்துக்கு முந்தையது. பட்டு என்பது முதல் கனவு கலைந்த பிறகு கோமகன் கண்ட இரண்டாம் கனவு. முதல் கனவு எது?

துரத்தப்பட்டவர்கள்

அட்டைகளின் வரிசையில் 1621க்கு முன்னால் இருந்தவற்றைப் பார்த்தேன். 1618 நவம்பரில் நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் திருச்சபைப் பேரவை கூடுகிறது. விதியா, மனித விருப்பமா என்ற வழக்கு. ஒருவர் மீட்படைவது கடவுள் முன்பே எழுதிவைத்த முடிவு என்றது ஒரு தரப்பு. மனிதன் அருளை ஏற்கவும் முடியும், மறுக்கவும் முடியும் என்றது இன்னொரு தரப்பு. இந்த இரண்டாம் தரப்பினர் 1610இல் ஐந்து கூறுகள் கொண்ட முறையீடு ஒன்றை ஹாலந்து ஆட்சிமன்றத்திடம் கொடுத்தவர்கள். அதனால் ரெமான்ஸ்ட்ரண்டுகள், அதாவது முறையீட்டார் என்று அவர்களுக்குப் பெயர். பேரவையில் அவர்கள் தோற்றார்கள். 1619 மே மாதம் அவர்களுக்குத் துணைநின்ற முதுபெரும் அரசியல்வாதி ஓல்டன்பார்னெவெல்ட்டின் தலை ஹேக் நகரில் விழுந்தது. அவர்களுடைய போதகர்கள் நாடு கடத்தப்பட்டார்கள்.

வெளியேறியவர்களில் பலர் வசதி படைத்தவர்கள், வணிகம் தெரிந்தவர்கள், கப்பல் வைத்திருந்தவர்கள். கோமகன் ஃபிரீட்ரிஷ் அவர்களைக் கூப்பிட்டார். வெளிப்படையாக வழிபடலாம், உங்கள் மொழியிலேயே நடவடிக்கைகளை நடத்தலாம், தொடக்க ஆண்டுகளில் வரி இல்லை என்று உரிமைப்பட்டயம் தந்தார். 1623இல் மென்னோனைட்டுகளுக்கும் பட்டயம் கிடைத்தது. அவர்கள் சத்தியம் செய்ய மாட்டார்கள், ஆயுதம் ஏந்த மாட்டார்கள், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். மூன்றுக்கும் விலக்கு எழுத்திலேயே தரப்பட்டது.

நாட்டின் மதம் லூத்தரன். கோமகனும் லூத்தரன். ஆனால் இந்த ஊரில் 1624இல் எழுந்த தேவாலயம் ரெமான்ஸ்ட்ரண்டுகளுடையது. லூத்தரன்களுக்கான தேவாலயம் 1643இல் தொடங்கி 1649இல்தான் முடிந்தது. ஆள்பவரின் சொந்த மதத்துக்குக் கோயில் வர இருபது ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்த ஊர் இது. இந்த இரண்டு தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோது, கோமகனுக்கு இந்த விருந்தாளிகள் எவ்வளவு வேண்டியவர்களாக இருந்தார்கள் என்பது எனக்கு விளங்கியது.

ஏன் அவ்வளவு வேண்டும்? அடைக்கலம் தரும் மனம் மட்டுமே காரணமா? அப்படியென்றால் எந்த ஊரிலும் குடியேற்றியிருக்கலாம். புதிதாக ஒரு துறைமுகம் கட்டியிருக்கத் தேவையில்லை, அக்கசாலையும் தேவையில்லை.

உப்பு

விடை ஏப்ரல் 1621 அட்டையில் இருந்தது. ஸ்பெயினுக்கும் நெதர்லாந்துக்கும் இடையே 1609இல் ஏற்பட்ட பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம் அந்த மாதத்தில் முடிகிறது. ஸ்பெயின் தன் துறைமுகங்களை டச்சுக் கப்பல்களுக்கு மூடுகிறது. போர்த்துகலும் அன்று ஸ்பானிய முடியின் கீழ்தான் இருந்தது. ஆகவே அந்தத் துறைமுகங்களும் மூடின.

டச்சுக்காரர்களுக்கு அங்கிருந்து வந்த சரக்குகளில் உயிர்நாடி உப்பு. அவர்களின் பெரும் தொழில் ஹெர்ரிங் மீன். பிடித்த மீனைக் கப்பலிலேயே குடல் எடுத்து, உப்பிட்டு, பீப்பாயில் அடைக்க வேண்டும். உப்பு இல்லாவிட்டால் மீன் அழுகும், மீன் அழுகினால் படகுகளுக்கு வேலை இல்லை. போர்த்துகலின் செட்டூபல் உப்பளங்களிலிருந்து வந்த உப்பு அதற்குப் பேர்போனது.

ஏப்ரலில் போர்நிறுத்தம் முடிகிறது, செப்டம்பரில் அடிக்கல் விழுகிறது. நடுவே ஐந்தே மாதம். டச்சுக் கொடி கட்டிய கப்பல் ஸ்பெயினுக்குள் நுழைய முடியாது. ஆனால் அதே டச்சு வணிகர் வேறொரு நடுநிலை நாட்டின் குடிமகனாகி, அந்நாட்டுக் கொடியைக் கட்டிக்கொண்டு போனால்? கோட்டோர்ஃப் நடுநிலை நாடு. வடகடலில் விழும் ஆறு இருக்கிறது. அதன் கரையில் டச்சுக்காரர்களே நிறைந்த புதிய ஊர் எழுகிறது. வந்தவர்களுக்கு வாழ இடமும் வழிபட இடமும் வேண்டும். கூப்பிட்டவருக்கு அவர்களுடைய கப்பலும் தொடர்புகளும் வேண்டும். இரண்டு தேவைகளும் ஐடர் கரையில் சந்தித்தன.

இந்தக் கணிப்பு சரியா என்பதற்குச் சான்று 1627 அட்டை. அந்த ஆண்டில் கோமகன் ஸ்பெயினுடன் வணிக ஒப்பந்தம் கண்டார். ஃபிரீட்ரிஷ்டாட்டுக்கு ஸ்பானிய வணிகத்தில் இடம் கிடைத்தது. பதிலுக்கு ஸ்பெயின் கேட்டது, ஊரில் கத்தோலிக்கர்களுக்கு வழிபாட்டு உரிமை. யோசித்துப் பாருங்கள். ஒரு லூத்தரன் கோமகன், கால்வினியத் திருச்சபையால் துரத்தப்பட்டவர்களைக் கூப்பிட்டு ஊர் கட்டுகிறார். அந்த ஊரில் கத்தோலிக்கருக்கு இடம் கொடுக்கச் சொல்லி மாட்ரிட் கேட்கிறது. அவர் சம்மதிக்கிறார். அன்று ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் எரிந்துகொண்டிருந்தது. மதத்தின் பெயரால் ஊர்கள் கொளுத்தப்பட்ட அதே ஆண்டுகளில், வணிகத்தின் பெயரால் ஓர் ஊர் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தது.

இப்போது அக்கசாலைக்கும் பொருள் கிடைத்துவிட்டது. ஸ்பானிய வணிகம் வந்தால் வெள்ளி வரும். வெள்ளி வந்தால் அதைக் காசாக்க இடம் வேண்டும். 1626இல் அந்தச் செங்கல் சுவர்களை எழுப்பியவர்கள் வரப்போகும் வெள்ளிக்காகக் காத்திருந்தார்கள் என்பது என் முடிவு.

வெள்ளி ஏன் வரவில்லை

இரண்டு காரணங்கள். ஒன்று, வீடு திரும்பும் வழி திறந்தது. ரெமான்ஸ்ட்ரண்டுகளை ஒடுக்கிய இளவரசர் மவுரிட்ஸ் 1625 ஏப்ரலில் இறந்தார். அவருக்குப் பின் வந்த தம்பி ஃபிரெடரிக் ஹென்றி கடுமை காட்டவில்லை. போதகர்களும் வணிகர்களும் மெல்லத் தாயகம் திரும்பத் தொடங்கினார்கள். 1630இல் ஆம்ஸ்டர்டாமிலேயே அவர்களுக்குத் தேவாலயம் வந்துவிட்டது, 1634இல் அங்கே போதகர் பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது. சொந்த ஊரில் இடம் கிடைத்தபின் ஐடர் கரைச் சேற்றில் யார் வீடு கட்டுவார்கள்?

இரண்டாவது காரணம் போர். டென்மார்க் மன்னர், அதாவது அந்தத் தாய்மாமன், முப்பதாண்டுப் போருக்குள் இறங்கித் தோற்றார். 1627இல் பேரரசரின் படைகள் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனுக்குள் புகுந்தன. ஸ்பெயினுடன் ஒப்பந்தம் கண்ட ஆண்டும் அதுவே. கையெழுத்தான காகிதமும் படையெடுப்பும் ஒரே ஆண்டில் வந்தன. ஹாம்பர்க்கைப் போல் ஆக வேண்டிய நகரம் சிற்றூராகவே நின்றது. அக்கசாலைக்குள் காசு அடிக்கும் அச்சு இறங்கவே இல்லை.

இங்கே ஒரு நன்றியைப் பதிவு செய்ய வேண்டும். 1621 முதல் 1727 வரையிலான இந்த ஊரின் வரலாற்றைச் செம் சட்டர் 1982இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாக எழுதினார். ஒரு சிற்றூரின் மத உரிமைகளுக்காக ஆண்டுகளைச் செலவிட்ட அந்த உழைப்பு இல்லாமல் என்னைப் போன்றவர்கள் ஷ்லெஸ்விக் காகிதங்களுக்குள் திசை தெரியாமல் நின்றிருப்போம்.

கனவு போன பின் எஞ்சியது

வழக்கு முடிந்தது என்று அட்டைகளைக் கட்டி வைத்திருக்கலாம். ஆனால் ஷ்லெஸ்விக்கிலிருந்து ஹூசும், அங்கிருந்து தெற்கே ஃபிரீட்ரிஷ்டாட் என்று மறுபடியும் ரயிலில் போனேன். கால்வாய்க் கரையில் அதே வீட்டுக்கு முன் நின்றேன். இந்த முறை என் கேள்வி வேறு. வணிகத்துக்காகக் கொடுத்த உரிமை, வணிகம் போன பிறகு என்ன ஆனது?

பதில் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. காசு அடிக்காத அக்கசாலையின் பின்பகுதியில் 1708 முதல் மென்னோனைட்டுகளின் வழிபாட்டுக்கூடம் இயங்கிவந்தது. சத்தியம் செய்ய மாட்டோம் என்றவர்களுக்கு 1623இல் தந்த பட்டயம், எண்பத்தைந்து ஆண்டு கழித்தும் செல்லுபடியாகியது.

ஊரைச் சுற்றி நடந்தால் இதே கதை தெருத்தெருவாக வருகிறது. லூத்தரன் தேவாலயத்தின் பலிபீடத்தில் யூர்கன் ஓவன்ஸ் 1675இல் வரைந்த ஓவியம் இருக்கிறது. சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவைச் சுற்றி அழுகிறவர்கள். ஓவன்ஸ் பக்கத்து ஊரான டோனிங்கில் பிறந்தவர், ஆம்ஸ்டர்டாமில் பேர்பெற்றவர். 1662இல் அங்கே நகரமன்றச் சுவரிலிருந்து ரெம்பிராண்டின் பேரோவியம் ஒன்று இறக்கப்பட்டபோது, அந்த இடத்தை நிரப்ப வேறொருவர் விட்டுப்போன வரைவை முடித்துக் கொடுத்தவர் இவர்தான். அடுத்த ஆண்டுகளில் ஃபிரீட்ரிஷ்டாட்டுக்கே வந்து குடியிருந்து 1678இல் இங்கேயே இறந்தார். தாயகம் திரும்பாத டச்சுக் குடும்பங்களும், அவர்களை அண்டி வந்த கலைஞர்களும் இந்தச் சிற்றூருக்குள் ஒரு பெருநகர ரசனையை வைத்திருந்தார்கள் என்பதற்கு அந்த ஓவியம் சாட்சி.

ரெமான்ஸ்ட்ரண்டுகளின் முதல் தேவாலயம் இன்று இல்லை. 1850 இலையுதிர் காலத்தில், டேனிஷ் படை பிடித்துவைத்திருந்த இந்த ஊரை ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் படையே பீரங்கியால் தாக்கியது. செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 4 வரை. நகரமன்றமும் தேவாலயமும் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளும் அழிந்தன. ஊரை மீட்கவும் முடியவில்லை. சந்தைத் திடலின் படிக்கட்டு முகப்பு வீடுகள் நிற்பது அந்த ஆறு நாட்களுக்குத் தப்பியதால்தான். தேவாலயத்தை 1854க்குள் மறுபடி கட்டினார்கள். இரு நூற்றாண்டுக்கு மேல் அங்கே டச்சு மொழியில் வழிபாடு நடந்துவந்தது. நெதர்லாந்துக்கு வெளியே இன்றும் இயங்கும் ஒரே ரெமான்ஸ்ட்ரண்டு சபை இந்த ஊரில்தான் இருக்கிறது. மற்றவர்கள் திரும்பிப் போன பிறகும் போகாமல் நின்றவர்களின் வழித்தோன்றல் அந்தச் சபை.

1675 முதல் யூதர்கள் இங்கே குடியேறினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷ்லெஸ்விக் நாட்டிலேயே பெரிய யூதச் சமூகங்களில் ஒன்றாக வளர்ந்தார்கள். 1847இல் அவர்களுடைய தொழுகைக்கூடம் எழுந்தது.

முறிந்த இடங்கள்

இதையெல்லாம் எழுதும்போது ஊரைப் பொன்முலாம் பூசிக் காட்டிவிடக் கூடாது என்ற கவலையும் எனக்கு இருக்கிறது. காகிதங்கள் இன்னொன்றையும் சொல்கின்றன. போலந்திலிருந்து துரத்தப்பட்ட ‘போலிஷ் சகோதரர்கள்’ என்ற பிரிவினர் 1662இல் இங்கே அடைக்கலம் கேட்டு வந்தார்கள். மும்மைக் கடவுள் கொள்கையை மறுத்தவர்கள். ஊரார் இடம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே அன்றைய கோமகன் உத்தரவிட்டு அவர்களை வெளியேற்றினார். அவர்கள் கையில் கப்பல் இல்லை, மாட்ரிட்டைப் போலப் பேரம் பேச ஓர் அரசும் இல்லை. பட்டயம் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு 1663 ஓர் எல்லைக்கல்.

இரண்டாவது முறிவு அதைவிடக் கொடியது. 1938 நவம்பரில் தொழுகைக்கூடத்தின் உட்பகுதி நாசமாக்கப்பட்டது. இருநூற்று அறுபது ஆண்டுகள் இந்த ஊரில் வாழ்ந்த சமூகம் இல்லாமற் போனது. கட்டடத்தைப் பிறகு குடியிருப்பு வீடாக்கிவிட்டார்கள். பல்லாண்டுகள் கழித்து ஊர் அதை மீட்டு, 2003இல் நினைவிடமாகவும் பண்பாட்டு மையமாகவும் திறந்தது. நடைபாதைகளில் பித்தளை மூடிய சிறு கற்கள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோகப்பட்ட விவரம். படிக்க வேண்டுமென்றால் நின்று, தலை குனிய வேண்டும்.

வீட்டு வாசல்களுக்கு மேலே கல்லில் செதுக்கிய டச்சுச் சின்னங்கள். காலடியில் பித்தளைப் பெயர்கள். மேலே இருப்பவை ஒரு காலத்தில் யார் எங்கே வாழ்ந்தார்கள் என்று கடிதம் கொண்டுவருகிறவருக்குச் சொன்னவை. கீழே இருப்பவை அதையே இன்று நமக்குச் சொல்கின்றன.

தீர்ப்பு

நான் தேடிப்போன கேள்விக்கு விடை இதுதான். ஃபிரீட்ரிஷ்டாட் பட்டுக்காகக் கட்டிய ஊர் அல்ல. அடைக்கலம் தரும் கருணையில் மட்டும் எழுந்த ஊரும் அல்ல. ஸ்பெயின், போர்த்துகல் வணிகத்தை, முதன்மையாக உப்பை, நடுநிலைக் கொடியின் கீழ் இழுத்துவர 1621இல் போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கு சில ஆண்டுகளிலேயே பொய்த்துப்போனது. பட்டுக்கணக்கு அதன்பின் வந்து, அதுவும் பொய்த்தது.

ஆனால் கணக்குக்காக எழுதிக் கொடுத்த பட்டயம் கணக்கோடு சேர்ந்து சாகவில்லை. அதை எழுதியவர்கள் மறந்த பிறகும், அதை நம்பி வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கள் உரிமை என்று ஒவ்வொரு தலைமுறையும் அதை எடுத்துக் காட்டியது. மத உரிமை எப்போதும் பெருமனத்தில் பிறப்பதில்லை. சில சமயம் லாபக் கணக்கில் பிறக்கிறது. எப்படிப் பிறந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், அதைக் காட்டிக் கேட்க ஆட்களும் இருக்க வேண்டும். 1663இல் அந்த எழுத்தின் நிழல் எட்டாதவர்கள் ஒரே ஆண்டில் வெளியே தள்ளப்பட்டார்கள். 1938இல் எழுத்தையும் சட்டத்தையும் ஓர் அரசே கிழித்தபோது, அந்த எழுத்து யாரையும் காக்கவில்லை.

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கையில் புரளும் காசும் நாணயம், சொன்ன சொல்லைக் காப்பதும் நாணயம். அந்தக் கால்வாய்க் கரை வீட்டில் முதல் நாணயம் ஒருநாளும் அடிக்கப்படவில்லை. இரண்டாவது நாணயத்தை ஊர் நெடுங்காலம் காப்பாற்றியது, இருமுறை இழந்தது. ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் படகில் ஏறுங்கள், படிக்கட்டு முகப்புகளைப் பாருங்கள். அதன்பின் அக்கசாலை வாசலிலும் தொழுகைக்கூட வாசலிலும் சற்று நில்லுங்கள். இரண்டையும் பார்த்தால்தான் அந்த ஊரைப் பார்த்ததாகும்.